ஆலங்குடா வீட்டின் இரைச்சல்

ஆலங்குடா
2025 மே 17

நானாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் குற்றம் என்பதால் ஸலாம். அதற்கு மேல் சுகம் விசாரிக்க மாட்டேன். சண்டை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இது சண்டைக்கு வெளியே உள்ள ஒரு வேலை விஷயம். அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

போன் அடித்துக் கேட்கலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் இரண்டு வருஷத்துக்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாள் பகல் சாப்பாடு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வீடு நிறைய ஆட்கள். என் மாமி வட்டிலாப்பம் எடுக்கப் பிரிட்ஜைத் திறக்கப் போகிறா. நீங்கள் கதிரையை விட்டு எழும்பி, "செருப்பப் போட்டுட்டுத் திறங்க மாமி! எத்தின தரம் சொல்றது!" என்று கத்தினீர்கள். எழுபது வயது மனுஷி மகன் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தது அவ்வளவு பெரிய குற்றமா? மாமியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. "என்ட உம்மாவ ஏன் அதட்டுறீங்க மச்சான்" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்கு நீங்கள் சொன்ன பதில்தான் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. "இது நான் கட்டின வீடு."

ஓம், நீங்கள் கட்டினதுதான். தொண்ணூறு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து கிடுகுக் கொட்டிலில் கிடந்த குடும்பம் நாங்கள். தங்கச்சிக்குச் சீதன வீடு கொடுக்காமல் நான் கலியாணம் முடிக்க மாட்டேன் என்று நின்று, கல் சுமந்து, வயர் இழுத்து, கடைசி பல்ப் வரைக்கும் உங்கள் கையாலேயே போட்டீர்கள். நான் மறக்கவில்லை. அதற்காக அதைச் சபையில் சொல்லிக் காட்டுவதா? மாமியிடம் மாப்புக் கேட்கும் வரை இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது என்று இவர் சொன்னார். நீங்களும் வீம்புக்கு எழும்பிப் போனீர்கள். லீவில் வந்தால் புத்தளம் டவுனில் நிஃப்லா மதினி வீட்டோடு நின்று திரும்பிப் போகிறீர்கள். ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் நான் இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக் கேட்க ஒரு கொம்பியூட்டர் செட் வைத்திருக்கிறேன். என் பழைய லெப்டொப், கரண்டில் ஓடும் ஒரு சோடி ஸ்பீக்கர், இரண்டுக்கும் நடுவில் டி.ஏ.சி. என்று ஒரு சின்னப் பெட்டி. கொம்பியூட்டரில் இலக்கமாகக் கிடக்கும் பாட்டைச் சத்தமாக மாற்றுவது அந்தப் பெட்டியின் வேலையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, லுஹர் தொழுது, மாமி படுக்கும் ஒரு மணித்தியாலம்தான் எனக்கென்று இருக்கிறது. அதில் இரண்டு கஸல் கேட்டால் மிச்ச நாள் ஓடிவிடும். ஆனால் வருகிற சத்தம் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

டோஹாவில் ஒரு ஹோட்டலுக்குக் கரண்ட் வேலையும் அதன் மண்டபத்துக்குச் சத்தமும் பார்க்கிற ஆள் என் கூடப்பிறந்தவர். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது? தங்கச்சிக்கு எழுத மனமில்லையென்றால், ஹோட்டலுக்கு வந்த யாரோ ஒருத்திக்கு என்று நினைத்து எழுதுங்கள்.

ஸாஜிதா

·

டோஹா
2025 மே 20

தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சண்டையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. கேட்டதற்குப் பதில் தருகிறேன்.

முதலில் பாட்டைப் பார். நீ எங்கேயாவது சும்மா இறக்கி வைத்த பாட்டாக இருக்கும். இடம் பிடிக்கக் கூடாதென்று அதைப் பிழிந்து சுருக்கியிருப்பார்கள். பிழிந்து போட்ட தேங்காய்ப்பூவில் எத்தனை தரம் தண்ணீர் ஊற்றினாலும் முதல் பால் வராது. பெட்டி எவ்வளவு நல்லதென்றாலும் அதற்கு நீ கொடுப்பதைத்தான் அது தரும். ஆகவே சுருக்காத பாட்டாக எடு. அப்படி ஒரு பாட்டு, சுருக்கிய பாட்டு பத்தின் இடத்தைப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

லெப்டொப்பில் சத்தத்தை முழுதாக ஏற்றி விட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கரின் திருகில் மட்டும் செய். 'சத்தத்தை மெருகூட்டு' என்று விண்டோஸில் ஒரு தெரிவு இருக்கும். அது மெருகூட்டாது, கெடுக்கும். அதை நிறுத்து.

ஸ்பீக்கர் இரண்டையும் அலுமாரிக்கு மேல் வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். இறக்கு. சுவரிலிருந்து ஒரு கை தூரம் முன்னுக்கு இழு. நீ இருக்கும்போது உன் காது உயரத்துக்கு வர வேண்டும். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் உன் கதிரையைப் போடு. அந்த வீட்டில் எந்த அறையிலும் சுவர் வெறுஞ்சுவர், நிலம் டைல்ஸ். சத்தம் பந்து மாதிரி அடிபட்டுத் திரும்பும். உன் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு தும்பு மெத்தையைச் சாத்து, கீழே தடித்த பாய் விரி.

லெப்டொப்பின் சார்ஜரைக் குசினிப் பக்கத்துப் பிளக்கில் செருகாதே.

ஷிம்லா எந்த வகுப்பு இப்போது? எழுத விருப்பமில்லையென்றால் விடு.

அஸாம்

·

ஆலங்குடா
2025 மே 25

நானா,

ஷிம்லா நாலாம் வகுப்பு. முன்பல் விழுந்து முளைத்துவிட்டது. அவளுக்கு உங்கள் மேல் கோபமில்லை, "டோஹா மாமா எப்ப வருவார்" என்று கேட்கிறாள். நான் பேச்சை மாற்றுகிறேன்.

ஓம், ஸ்பீக்கர் அலுமாரிக்கு மேல்தான் இருந்தது. அவ்வளவு பெருமைப்பட வேண்டாம்.

சொன்னதெல்லாம் செய்தேன். மெத்தைதான் பெரிய கூத்து. விருந்தாளி அறைத் தும்பு மெத்தையை நானும் ஷிம்லாவுமாக இழுத்து வந்து சுவரில் சாத்தினோம். மாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன புள்ள, மெத்தைய நிக்க வெச்சிரிக்கிறா? அது என்ன குத்தம் செஞ்சிச்சி?" என்று கேட்டா. பாட்டுக்காக என்று சொன்னேன். "பாட்டுக் கேக்குறது நீயா மெத்தையா?" என்றா.

ஆனால் நானா, பாட்டுப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் பாட்டு இரண்டு பெட்டிக்குள்ளும் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. இப்போது பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வந்து உட்கார்ந்துவிட்டாள். தபேலா அவளுக்குக் கொஞ்சம் பின்னால், இடது பக்கம். ஷிம்லா எழும்பிப் போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். "உம்மா, இவ எங்க இருந்து பாடுறா?" அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கு உங்களுக்கு நன்றி. இதைச் சண்டையில் கழிக்க மாட்டேன்.

இனிக் குறை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இரைச்சல் கேட்கிறது. ம்ம்ம்ம் என்று, விடாமல். பாட்டு நடக்கும்போது மறைந்திருக்கும். அவள் ஒரு வரியைப் பாடி நிறுத்தினால் அந்த இடைவெளியில் இது வந்து நிற்கும். கஸலில் நிறுத்துகிற இடம்தானே உயிர்? பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் இரைச்சல் கூடுகிறது. வொஷிங் மெஷின் போட்டால் இன்னும் கூடுகிறது. வயரை மாற்றினேன், பெட்டியை மாற்றி வைத்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. "உள்ள வண்டு பூந்திரிக்கி, மண்ணெண்ண ஊத்து" என்பது மாமியின் வைத்தியம்.

ஸாஜிதா

·

டோஹா
2025 மே 27

தங்கச்சி,

ஒரு வேலை செய். பாட்டு ஓடும்போது லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பார். பற்றரியில் ஓடட்டும். இரைச்சல் நின்றால் பிறகு எப்போதும் பற்றரியிலேயே கேள். நீ கேட்பது ஒரு மணித்தியாலம், பற்றரி தாங்கும். அதற்கு மேல் இதில் தோண்ட வேண்டாம்.

பெட்டிகளைத் தொடும்போது காலில் செருப்பு இருக்கட்டும். ஷிம்லாவைத் தொட விடாதே.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அஸாம்

·

ஆலங்குடா
2025 ஜூன் 1

நானா,

திரும்பவும் செருப்பா!

ஒரு மனுஷனுக்கு இப்படியும் ஒரு பைத்தியம் இருக்குமா? லீவில் வரும்போதெல்லாம் மற்றவர்கள் ஊருக்குச் சொக்லேட் கொண்டு வருவார்கள், நீங்கள் எங்களுக்கு இறப்பர் செருப்பு கொண்டு வருவீர்கள். ஒரு தரம் பார்சலில் குசினிக்கு இறப்பர் பாய் அனுப்பினீர்கள். இவருக்கு அக்கா முறையான ஒருத்தி, "ஒங்கட நானாக்கு அங்க செருப்புக் கடையா" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். மாமியைப் பார்த்து நீங்கள் கத்திய அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

சார்ஜரைக் கழற்றினேன். இரைச்சல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டது. திரும்பச் செருகினேன், வந்துவிட்டது. செருகியிருக்கும்போது லெப்டொப்பின் ஓரத்தைப் புறங்கையால் தடவினால் விறுவிறு என்று ஒன்று ஓடுகிறது. மெத்தை சாத்துவதற்கு ஒரு பக்கம் எழுதிய ஆள் இதற்கு இரண்டு வரி எழுதி, தோண்டாதே என்கிறீர்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதை மறந்துவிட்டீர்கள் போலும். எர்த் வயர் எதற்கு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள் நான். பெட்டிகளில் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க ஒரு வழி வேண்டும். வழி இருந்தால் அது ஏன் என் ஸ்பீக்கருக்குள் வந்து முனகுகிறது? பிரிட்ஜின் கசிவு ஏன் லெப்டொப் வரை வருகிறது? கிணற்றடியில் சீமெந்துக் கட்டிக்குள் நீங்கள் இறக்கிய எர்த் கம்பிக்கு என்ன நடந்தது? உப்புக் காற்றுக்கு அரித்துப் போயிருக்குமா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன நவம்பர் மழையோடு மாமி வொஷிங் மெஷினைப் போடும்போதெல்லாம், கரண்டைத் தானே வெட்டுகிற அந்த ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தரம். இவருக்குப் பொறுமை போய், அதை விலக்கிவிட்டு வயரை நேரே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. இது இரைச்சலுக்குக் காரணமாக இருக்குமா?

ஸாஜிதா

·

டோஹா
2025 ஜூன் 2, காலை 7.50

மெயின் சுவிட்சை இறக்கு. இப்போதே. வீட்டில் யாரும் எதையும் தொட வேண்டாம். மாமியை வெளியே வந்து இருக்கச் சொல். போனை எடு தங்கச்சி, போனை எடு.

·

ஆலங்குடா
2025 ஜூன் 4

நானா,

பத்தொன்பது தரம் போன் அடித்திருக்கிறீர்கள். நான் வகுப்பில் இருந்தேன். போன் ஒபீஸ் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இடைவேளைக்குப் போய்த்தான் பார்த்தேன். உங்களுக்கு என்னமோ என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நாலு நிமிஷம் கதைத்தோம். மெயினை இறக்கு, ட்ரிப்பைத் திரும்பப் போடு, நல்ல வயர்மேன் ஒருவனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல். இந்த மூன்றையும் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பாலாவியிலிருந்து வயர்மேன் றொகான் வந்தான். கிணற்றடியில் டைல்ஸ் நாலைக் கழற்றி, அதற்குக் கீழே சீமெந்துக் கட்டியை உடைத்தான். இவர் வெங்காய லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருந்தார். மாமி பக்கத்து வீட்டில். நான் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பச்சை வயர் இருந்தது. ஒரு சாண் நீளம், நுனியை மடித்து வைத்திருந்தது. அதற்குக் கீழே வெறும் மணல். துரு இல்லை, கறை இல்லை, கம்பி இருந்த துளை கூட இல்லை. றொகான் என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், இதுல கம்பி இல்லையே" என்றான். "கம்பி போட்டதே இல்லப் போல" என்று மெதுவாகச் சொன்னான்.

புதுக் கம்பி இரண்டு, ஈரமண் வரும் வரைக்கும் இறக்கினான். ட்ரிப் சுவிட்ச் புதிது போட்டான். வொஷிங் மெஷினின் மோட்டரில் கசிவு இருக்கிறதாம், அதைக் கழற்றிக் கொண்டு போயிருக்கிறான். மழைக்கு ட்ரிப் விழுந்தது அதனால்தான். அது எங்களைக் காப்பாற்றத்தான் விழுந்திருக்கிறது, நாங்கள் அதைக் கழற்றி எறிந்திருக்கிறோம்.

இவருக்கும் மாமிக்கும் எர்த் கம்பி உப்புக்கு அரித்துப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் சைக்கிள், கூரைத் தகரம், கேற் எல்லாம் அரித்துப் போகிறதுதானே, இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். றொகானிடம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். அந்தக் கதை அப்படியே இருக்க வேண்டுமென்றால் இருக்கட்டும்.

இரைச்சல் போய்விட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பாட்டுப் போட மனம் வரவில்லை.

எனக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா நானா? ஒரு தரம்தான் கேட்பேன்.

ஸாஜிதா

·

டோஹா
2025 ஜூன் 5

தங்கச்சி,

இங்கே இன்று பெருநாளுக்கு முந்திய அரஃபா நோன்பு. காலையிலிருந்து எழுதி எழுதி அழிக்கிறேன். இனி அழிக்கப் போவதில்லை.

கம்பி போடவில்லை. அரிக்கவில்லை, களவு போகவில்லை. நான் போடவே இல்லை.

2013இல் உன் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். வியாழன் பின்னேரம் வரைக்கும் எல்லாம் முடிந்துவிட்டது, எர்த் கம்பி மட்டும் கடைக்கு வந்து சேரவில்லை. வயர் நுனி கிணற்றடியில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆட்கள் வந்து பார்த்து, இது என்ன அரைகுறை என்று கேட்டால் உன் முகம் என்னாகும் என்று நினைத்தேன். வயரை மடித்து, மேலே சீமெந்தைப் போட்டு அழகாகப் பூசிவிட்டேன். சனிக்கிழமை உடைத்துக் கம்பி இறக்குவதாக இருந்தது. மச்சானுடைய சின்ன வாப்பா வந்து அந்தக் கட்டியைக் காலால் தட்டிப் பார்த்து, "வேல ஒழுங்கா நடந்திரிக்கி" என்றார். சனிக்கிழமை காலை ஏஜென்சியிலிருந்து விசா வந்துவிட்டது என்று போன்; மெடிக்கலுக்கும் உன் கலியாண வேலைக்கும் ஓடியதில் கம்பி தள்ளிப் போனது. உன் நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் நான் விமானம் ஏறினேன்.

முதல் லீவில் வந்தபோது அந்த இடத்துக்கு மேல் நீங்கள் டைல்ஸ் பதித்திருந்தீர்கள். உடைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். வீடு கொடுத்த நானா, சபைக்குக் காட்டுவதற்காக வெறும் சீமெந்தைப் பூசி வைத்திருந்தான் என்று உன் புருஷன் வீட்டுக்கு எப்படிச் சொல்வது? அடுத்த லீவில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு அடுத்ததில் என்று நினைத்தேன். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு சுவிட்சை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாக நித்திரை கொண்டேன். போன நவம்பரிலிருந்து அதுவும் இல்லை என்று நீ எழுதியதை வாசித்தபோது நான் வேலை செய்யும் மண்டபத்தின் நடுவில் நின்றே உனக்குப் போன் அடிக்கத் தொடங்கினேன். ஏழு மாதம். ஷிம்லா எத்தனை தரம் அந்தப் பிரிட்ஜைத் திறந்திருப்பாள்?

இங்கே மாதா மாதம் கட்டடத்தின் எர்த் அளந்து, சரியென்று கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒவ்வொரு கையெழுத்தும் என் முகத்தில் துப்பியது.

அன்றைக்கு மாமி தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு ஈரக்காலோடு பிரிட்ஜுக்குப் போனா. கத்தியது அதற்குத்தான். காரணம் சொல்ல எனக்கு வாய் இல்லை, கத்த மட்டும் வாய் இருந்தது. "நான் கட்டின வீடு" என்று சொன்னதும் பெருமைக்கில்லை தங்கச்சி. நான் கட்டினபடியால்தான் எனக்கு அந்த வீட்டைப் பார்த்தால் பயம். புத்தளம் வரைக்கும் வந்து திரும்பிப் போனது வீம்பு என்று நீ எழுதியிருக்கிறாய். பாதி வீம்பு, பாதி அந்தக் கிணற்றடியைப் பார்க்கத் தைரியமில்லை.

நீ இரைச்சல் என்று எழுதிய அன்றே எனக்குத் தெரியும். அப்போதும் பற்றரியில் கேள் என்று எழுதி மூடப் பார்த்தேன். இதற்கு எனக்கு மன்னிப்பே இல்லை.

உப்பு அரித்தது என்று நீ சொன்ன கதை வேண்டாம். எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது. இந்தக் கடிதத்தை முன் அறையில் வைத்து மச்சானுக்கும் மாமிக்கும் ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டு. பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுது. ஜூன் 20ஆம் திகதி லீவு. அந்த வாசலுக்கு வருவதா, டவுனோடு நிற்பதா என்பது அவர்கள் கையில்.

அஸாம்

·

ஆலங்குடா
2025 ஜூன் 9

நானா,

கடிதம் வந்து மூன்று நாள் நான் யாருக்கும் வாசிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு சீமெந்துப் பூச்சுத்தான். ஷிம்லா பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கிறதைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுக்கிறேன். கம்பி வரவில்லை என்று அன்றே என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே சொல்லியிருப்பேன். ஒரு துண்டுக் கம்பிக்காக என்னைக் கட்டாமல் போகிற மாப்பிள்ளையென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் முகத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து என் உயிரை வைத்து விளையாடியிருக்கிறீர்கள். இதை எழுதி முடித்ததும் கொஞ்சம் ஆறியிருக்கிறது.

பெருநாளுக்கு முந்திய பின்னேரம் தனியாக இருந்து பாட்டுப் போட்டேன். கரண்டில்தான், சார்ஜர் செருகி. அவள் முதல் வரியைப் பாடி நிறுத்தினாள். அந்த இடத்தில் இப்போது எதுவுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் அவள் மெல்ல மூச்சு எடுப்பது கேட்டது. ஆர்மோனியக்காரர் விரலை எடுக்கும் சின்னத் தட்டல் கேட்டது. இவ்வளவும் எப்போதும் அந்தப் பாட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் அழுதேன். பாட்டுக்கா, உங்களுக்கா தெரியாது. நீங்கள் அங்கே பன்னிரண்டு வருஷம் இந்த இரைச்சலோடுதான் இருந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் வாசிப்பது என்று முடிவெடுத்தேன்.

இங்கே ஒரு நாள் பிந்தி வந்த பெருநாளுக்கு அடுத்த நாள், நேற்று, அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரையும் முன் அறையில் இருத்தி வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. இடையில் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிந்ததும் இவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். லொறியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. கால் மணித்தியாலம் கழித்து வந்து, "மச்சான் போடாதது கம்பி, நான் கழட்டினது சுவிட்ச்" என்றார். "ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியாச் சேந்துதான் என்ட உம்மாவக் கொல்லப் பாத்திரிக்கிறம். நான் எந்த வாயால அவர வராதீங்கண்டு சொல்ற?" அவருக்கும் கண் சிவந்திருந்தது. அந்த சுவிட்சைப் பற்றி என்னிடம் கேட்காமல் செய்ததற்கு நானும் அவருக்கு இரண்டு ஏச்சுக் கொடுத்தேன், அது எங்களுக்குள் இருக்கட்டும்.

மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அப்படியே இருந்தா. நான் பக்கத்தில் போய் இருந்து, "மாமி, ஏசுறதெண்டா ஏசுங்க, நானா எல்லாத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறார்" என்றேன். எழும்பிப் போய் வுழூ செய்தா. மஃரிப் தொழுதா. சாப்பிட்டா. நான் பாத்திரம் கழுவும்போது குசினி வாசலில் வந்து நின்று, "அவன்ட பிளேன் எத்தினாந் தேதி?" என்று கேட்டா. இருபது என்றேன்.

"பெருநாள் அண்டு அவன் என்னக் கத்தின நேரம் எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா? ரெண்டு வருசமா ஒவ்வொரு தொழுகைலயும் அல்லாஹ்ட்ட அவனப் பத்தி முறையிட்டிரிக்கிறன். இப்ப அந்தக் கணக்க எங்க கொண்டு போய் வெக்கிற?" என்றா. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சொன்னா. "நான் பெத்தது மூணு ஆம்புளப் புள்ள. ஒருத்தனும் என்ட கால் ஈரமா காஞ்சிரிக்கா எண்டு பாத்தவன் இல்ல."

கடிதத்துக்கு என்ன எழுத என்று கேட்டேன். கதிரையைக் கொண்டு வந்து போட்டுக்கொண்டு, நான் சொல்றதக் கூட்டாமக் குறைக்காம எழுது புள்ள என்று சொல்லி, என்னை லெப்டொப்புக்கு முன்னால் இருத்தினா. இனி வருவது மாமி சொல்லி நான் எழுதுவது.

அஸாமுக்கு மாமி எழுதுறது. நீ செஞ்சது பெரிய பாவம். ஒருத்தருக்குச் செஞ்ச பாவத்த அந்த ஆள்தான் பொறுக்க வேணும், வேற ஆருக்கும் பொறுக்க ஏலாது. நான் மௌத்தாப் போயிருந்தா நீ எங்க போய் ஆருட்ட மாப்புக் கேப்பா? அதுக்குத்தான் அல்லாஹ் என்ன உசுரோட வெச்சிரிக்கிறான் போல. பொறுத்துட்டன். வா.